காலண்டர் தாளில் ஒரு பாதம்

என் இடது பாதத்தின் நீளம் 243 மில்லிமீட்டர். வலது பாதத்தின் நீளம் 238 மில்லிமீட்டர். முன்பாதத்தின் அகலம் இரண்டு கால்களிலும் 100 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது; குதிகாலோ 60 மில்லிமீட்டர்தான். புறங்கால் மேடு உயர்ந்தது. இடது பெருவிரலின் அடிமூட்டு, அடுத்த காலை நோக்கி ஒரு சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்திருக்கிறது. இத்தனையையும் நான் தெரிந்துகொண்டது 44 வயதில், மூன்று ஜோடி ஷூக்களுக்குப் பணம் கொடுத்து மூன்றையும் அணிய முடியாமல் போன பிறகு. அதுவரை என் காலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த ஒரே விவரம், அது 'ஆறாம் நம்பர்' என்பதுதான்.

கும்பகோணத்தில் அரசலாற்றங்கரையில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கி, ஆறு மாதத்தில் அந்த நடை மெல்ல ஓட்டமாக மாறியது. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதுதான் தொடக்கம். ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் காரணம் பின்னுக்குப் போய், ஓட்டமே பிடித்துவிட்டது. பிடித்துப்போன ஒன்றைக் கால் வலிக்காக விடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைக் கொடுத்தது. என்னைப் போலவே ஓட விரும்பி, ஷூ கடித்ததால் ஒரே மாதத்தில் நிறுத்திவிட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் "என் கால் சரியில்லை" என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்தான் இதை எழுத வைத்தது.

முதல் ஜோடியை ஒரு விடுமுறை நாளில், காலை பதினொரு மணிக்கு வாங்கினேன். விரல்கள் பக்கவாட்டில் நெருக்குகின்றன என்று கடையிலேயே சொன்னேன். "போடப் போட லூஸ் ஆயிடும் மேடம்" என்றார் விற்பனையாளர். நம் ஊரில் செருப்பு வாங்கிய எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. தோல் செருப்புகளின் காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. தோல் வியர்வையிலும் சூட்டிலும் இளகி, காலின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். இன்றைய ஓட்டக் காலணியின் மேற்பகுதி செயற்கை இழையால் நெய்த வலைத்துணி. அதன் மீது விறைப்பான பட்டைகளை ஒட்டியோ தைத்தோ வைத்திருப்பார்கள். அந்தப் பட்டைகளின் வேலையே துணியை விரியவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான். ஆகவே கடையில் நெருக்கும் ஓட்டக் காலணி மூன்று மாதம் கழித்தும் நெருக்கும். மூன்றாவது வாரத்தில் சுண்டுவிரலின் ஓரத்தில் கொப்புளம் எழுந்து, அது உடைந்த இடத்திலேயே மறுபடியும் எழுந்தது.

அடுத்த முறை, "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்ற யோசனையைக் கேட்டு ஏழாம் எண் வாங்கினேன். நெருக்கம் சிறிது குறைந்தது. ஆனால் குதிகால் ஒவ்வோர் அடியிலும் மேலே எழும்பி உராய்ந்தது. சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கிப்போய், விரல்கள் நுனியில் மோதின. இரண்டாவது விரலின் நகம் கறுத்தது. பெரிய ஷூவில் நகம் கறுப்பதாவது என்று எனக்கு அப்போது புரியவே இல்லை. சிறிய ஷூவில் இடமில்லாமல் கறுக்கும் நகம், பெரிய ஷூவில் பிடிப்பில்லாமல் கறுக்கும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

இந்த எண் என்ன என்று தேடிப் படித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நாம் பயன்படுத்தும் யுகே அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். இது ஒரு பார்லி மணியின் நீளம். மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது ஆங்கிலேயரின் பழைய வாய்பாடு. நம் பழைய வாய்பாட்டில் 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு பார்லியால் காலை அளந்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு நெடுநேரம் நீங்கவில்லை. அது போகட்டும். இதில் கவனிக்க வேண்டியது, எண் ஒன்று கூடினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும்போது அடிப்பகுதியின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே கூடுகிறது என்பது. அகலத்துக்காக எண்ணைக் கூட்டுகிறவர், தமக்குத் தேவையில்லாத நீளத்தை நான்கு மடங்கு சேர்த்து வாங்குகிறார்.

நீளம் மிகையாவதால் வரும் கேடு நுனியில் மட்டும் இல்லை. ஷூவுக்கு என்று ஒரு மடிப்பு இடம் உண்டு. குதிகாலை ஒரு கையிலும் நுனியை ஒரு கையிலும் பிடித்து அழுத்தினால் எந்த இடத்தில் வளைகிறதோ, அதுதான் அந்த இடம். ஷூவின் அடிப்பகுதி அங்கேதான் மிக அகலமாக இருக்கும். பாதத்திலும் அதே போல ஓர் இடம் உண்டு. பெருவிரல் பாதத்தோடு சேரும் அடிமூட்டு அது. இந்த இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர வேண்டும். எனக்கு விரல்கள் நீளம். குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை 172 மில்லிமீட்டர்தான். ஏழாம் எண் ஷூவில் அதன் மடிப்பு என் மூட்டைத் தாண்டி விரல்களுக்கு நடுவே விழுந்தது. ஆகவே என் பாதம் மடங்க நினைத்த இடத்தில் ஷூ மடங்கவில்லை, ஷூ மடங்கிய இடத்தில் என் பாதம் மடங்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற ஒருவர் ஆயிரக்கணக்கான முறை இந்த இழுபறியைச் செய்கிறார். குதிகால் எழும்பியதும் இதன் விளைவுதான்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில், காலணிக் கடைக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகோல், மூன்று அளவுகளைத் தனித்தனியாக எடுக்கிறது: குதிகால் முதல் விரல்நுனி வரை, குதிகால் முதல் பெருவிரல் மூட்டு வரை, முன்பாதத்தின் அகலம். நூறு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் அந்தக் கருவியை நான் எங்கள் ஊர்க் கடைகள் எதிலும் கண்டதில்லை. ஆனால் அது செய்யும் வேலையை ஒரு தாளும் பென்சிலும் செய்துவிடும். அதைச் சொல்வதற்கு முன், நம் கால்கள் இப்படி இருப்பதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது பாபநாசத்துக்குத் தெற்கே குடமுருட்டியை ஒட்டிய ஒரு சிற்றூர். ஜூன் மாதத்தில் மேட்டூரைத் திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, குறுவை நடவு தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் யார் காலிலும் செருப்பு இருக்காது. மழைக்காலத்து வரப்பில் நடப்பவரின் காலை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு சாண் அகலமே உள்ள வழுக்கும் மண்ணில் பெருவிரல் தனியே விலகி வரப்பின் ஓரத்தைப் பற்றும், மற்ற நான்கும் விசிறி போல விரிந்து அழுந்தும், குதிகால் பெயருக்குத் தரையைத் தொட்டு உடனே எழும். நடவு வயலில் பின்னோக்கி நகரும் பெண்களின் கால்களும் அப்படித்தான். சேறு காலைப் பிடித்து இழுக்க, விரல்கள்தான் உடம்பைத் தாங்கும். என் அம்மா தம் பத்து வயது முதல் நடவுக்குப் போனவர். அவருடைய பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே என் சுட்டுவிரல் தாராளமாக நுழையும். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் போடும் குழந்தைக் கண்ணனின் பாதங்களைப் பாருங்கள்: முன்னால் அகன்று, பின்னால் ஒடுங்கி, ஐந்து விரல்களும் விலகி நிற்கும். விரல்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கிக் கூம்பிய பாதத்தை எந்த வீட்டிலும் எவரும் வரைந்ததில்லை.

2300 இந்தியக் குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்ததாகவும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 விழுக்காடுதான் என்றும் கண்டறிந்தது. வெறுங்கால் குறையுள்ள கால் என்ற எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை; சான்று வேறு விதமாக இருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்பது அதன் முடிவு. நமக்கென்று 'பா' என்ற பெயரில் ஒரு புதிய அளவு முறையையும் அது பரிந்துரைத்திருக்கிறது. பாரதத்தின் முதல் எழுத்து. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே காலணி தைத்து அனுப்புகிற நம் மாநிலத்தில், நம் பாத வடிவில் செய்த அச்சுக் கட்டையில் ஷூ தைக்கும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அதுவரை கடையில் இருப்பதிலிருந்துதான் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

"வெறுங்கால்ல வளர்ந்தவதானே, வெறுங்கால்லயே ஓடேன்" என்றார் என் அண்ணன். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடிகளில் தங்கம் வென்றதையும் அவரே நினைவூட்டினார். அங்கே கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையாததால்தான் பிகிலா அப்படி ஓடினார் என்பதையும், நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் தங்கம் வென்றதையும் நான் பதிலாகச் சொன்னேன். ஆற்றங்கரையில் கருவேல முள்ளும் உடைந்த பாட்டில் சில்லும் கிடக்கின்றன. கரை முடிந்ததும் தார்ச்சாலை. வயலில் வெறுங்காலோடு நடந்தது சேற்றின் மீது. சேறு காலுக்கு இடம் கொடுக்கும்; தார் கொடுக்காது.

இனி அளவெடுப்பதைச் சொல்கிறேன். மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைத் திருப்பி, வழவழப்பான தரையில் சுவரை ஒட்டி விரித்துக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் செய்வது நல்லது. நாள் முழுவதும் நின்று நடந்த கால் காலையில் இருப்பதைவிடச் சிறிது வீங்கியிருக்கும், ஓடும்போதும் கால் வீங்கவே செய்யும். ஓடும்போது அணியும் காலுறையை மாட்டிக்கொண்டு, குதிகால் சுவரைத் தொட, உடம்பின் முழு எடையும் அந்தக் காலில் இறங்கும்படி நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் பாதத்தின் உண்மையான விரிவு வராது. நாமே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும் என்பதால் வேறொருவர் வரைய வேண்டும். எனக்கு வரைந்தது என் மகள். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்ந்தால் பாதத்துக்கு அடியில் புகுந்து அகலத்தைக் குறைத்துக் காட்டும். சுற்றி வரைந்த பிறகு, பெருவிரலின் அடிமூட்டு எங்கே துருத்துகிறதோ அங்கே ஒரு புள்ளி, சுண்டுவிரலின் அடிமூட்டுக்கு ஒரு புள்ளி. சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை, சுவரிலிருந்து பெருவிரல் மூட்டுப் புள்ளி வரை, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே, குதிகாலின் மிக அகன்ற இடத்தில் என்று நான்கு அளவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு மிக நீண்ட விரல் இரண்டாவது விரலாக இருக்கும்; எனக்கும் அப்படித்தான். பெருவிரலை மட்டும் அழுத்திப் பார்த்து இடம் இருக்கிறது என்று கடையில் சொன்னவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கால்களையும் வரைவது கட்டாயம். அளவு பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். சிறிய காலை ஷூவுக்குள் நிரப்பிக்கொள்ள வழி இருக்கிறது, பெரிய காலைச் சுருக்க வழி இல்லை.

அந்தத் தாளைப் பாதத்தின் வடிவில் வெட்டி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இருந்த இளைஞர் தாளைப் பார்த்ததும் முதலில் தயங்கினார். பிறகு என்னைவிட ஆர்வமாகிவிட்டார். ஒவ்வொரு ஷூவிலும் உள்ளே இருக்கும் மெத்தை அட்டையை உருவி எடுத்து, என் தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தோம். பெண்களுக்கான ஆறாம் எண், ஏழாம் எண் அட்டைகள் எல்லாவற்றிலும் தாள் இரண்டு பக்கமும் வெளியே வழிந்தது. அட்டையின் மேல் நேராக ஏறி நின்றபோது சுண்டுவிரலில் பாதி தரையில் இருந்தது. அந்தப் பாதி விரல்தான் ஷூவுக்குள் துணியைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். மெத்தை அட்டையை உருவி அதன் மேல் நிற்க எந்தக் கடையிலும் தடை சொல்ல மாட்டார்கள். ஷூ வாங்குமுன் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி ஏமாற்றங்களைத் தவிர்த்துவிடலாம்.

ஷூவின் அகலத்தை எழுத்தால் குறிக்கிறார்கள். பெண்களுக்கு பி என்பது வழக்கமான அகலம், டி அகன்றது. ஆண்களுக்கு டி வழக்கமானது, 2ஈ அகன்றது, 4ஈ மிக அகன்றது. நியூ பேலன்ஸ், ஏசிக்ஸ், புரூக்ஸ் போன்ற நிறுவனங்கள் சில மாதிரிகளை அகல வகையிலும் தயாரிக்கின்றன. ஆனால் பெண்களுக்கான அகல வகையை நம் பகுதிக் கடைகளில் நான் பார்த்ததே இல்லை. ஆண்களின் ஆறாம் எண்ணில் 2ஈ ஒன்று இருந்தது. என் தாள் அதன் அட்டைக்குள் முழுவதுமாக அடங்கியது. மூட்டுப் புள்ளி ஷூ மடியும் இடத்தில் விழுந்தது. இரண்டாவது விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. எண்ணை நம்பி வாங்குவதைவிட, ஷூ நாக்கின் உட்புறச் சீட்டில் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்ப்பது மேல். ஒரே ஆறாம் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பெண் ஒருவர் ஆண்களின் ஷூவைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. காலுக்கும் ஷூவுக்கும் அந்த வேறுபாடு தெரியாது.

குறை ஒன்று இருந்தது. ஆண்களின் அச்சில் குதிகால் பகுதியும் அகலம். என் ஒடுங்கிய குதிகால் அதில் ஆடியது. இதற்கு விடை கயிற்றில் இருக்கிறது. ஓட்டக் காலணிகளின் மேல் ஓரத்தில், வழக்கமான துளை வரிசையிலிருந்து சற்று விலகி, இருபக்கமும் ஒவ்வொரு துளை கூடுதலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. வரிசையின் கடைசித் துளையிலிருந்து வெளிவரும் கயிற்றை, எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கூடுதல் துளையில் உள்நோக்கி நுழைத்தால் ஒரு சிறிய வளையம் உண்டாகும். இரு பக்கமும் அப்படிச் செய்து, வலக் கயிற்றை இட வளையத்துக்குள்ளும் இடக் கயிற்றை வல வளையத்துக்குள்ளும் விட்டு, குதிகாலை நோக்கிக் கீழ்வாக்கில் இழுத்த பிறகு முடிச்சுப் போட வேண்டும். கணுக்காலைச் சுற்றிப் பிடிப்பு இறுகி, குதிகால் பின்சுவரில் போய் அமர்ந்துவிடும். முதல் நாள் இப்படிக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் இறங்கியபோது, குதிகால் அசையாமல் கூடவே வந்த உணர்வை இன்னும் மறக்கவில்லை.

புறங்கால் உயர்ந்தவர்களுக்கு வேறு ஒரு வழி. கயிறு மேட்டின் உச்சியில் குறுக்காகப் போனால் நரம்பை அழுத்தி விரல்கள் மரத்துப்போகும். எனக்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் அப்படி ஆகிவந்தது. மேடு இருக்கும் இடத்தில் மட்டும் கயிற்றைக் குறுக்கே விடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அடுத்த துளையிலிருந்து மறுபடியும் குறுக்காகப் போட்டால் அங்கே ஒரு சன்னல் போல இடைவெளி விழும். அதற்குப் பிறகு மரத்துப்போவது நின்றது.

இடது மூட்டின் புடைப்புக்குக் கயிறு உதவவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகே குடையின் நிழலில் அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஷூவைக் கொண்டுபோனேன். காலை மரப்பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார். தொடலாமா என்று கேட்டுவிட்டு, ஷூ அணிந்த காலின் மேல் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். புடைப்பின் மேல் வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே விரல் நின்றுவிட்டது. அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். "துணி ஒண்ணும் பண்ணலம்மா, இந்தப் பட்டைதான் முட்டுது" என்று, வலைத்துணியின் மேல் தைத்திருந்த ரெக்ஸின் பட்டையைக் காட்டினார். ஷூவைக் கழற்றி வாங்கி, ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி, வட்டத்துக்குள் இருந்த இரண்டு விரற்கடை நீளத்துக்கு மட்டும் நூலைப் பிரித்தார். அடித்துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. பிரித்த இரு முனைகளும் மேலும் அவிழாமல் இருக்க, அங்கே நூலை இரண்டு சுற்றுப் போட்டு முடிந்தார். சிறிய வலது காலுக்காக, மெத்தை அட்டைக்கு அடியில் மெல்லிய ரப்பர் தாள் ஒன்றை வெட்டி வைத்தார். ஐந்து மில்லிமீட்டர் வேறுபாட்டை அது பெரும்பாலும் சரிசெய்துவிட்டது. "செருப்புக்காகக் காலை வெட்டிக்க முடியுமா, செருப்பைத்தான் வெட்டணும்" என்றார். நாற்பது ரூபாய் கேட்டார். ஒட்டு மட்டும் போட்டு, தையலே இல்லாமல் வரும் ஷூக்களில் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதையும் அவரே சொன்னார். மூட்டுப் புடைப்பு உள்ளவர்கள், அந்த இடத்தில் பட்டையே இல்லாத வெறும் வலைத்துணி ஷூவாகப் பார்த்து வாங்குவது எளிது.

மூன்றாவது ஜோடியைப் பற்றிச் சொல்லவில்லை. என் ஈரச் சுவடு அகலமாக இருப்பதைக் கண்டு, எனக்குத் தட்டைப் பாதம் என்று முடிவுகட்டி, உள்வளைவைத் தாங்கும் விலை உயர்ந்த ஷூவைக் கொடுத்தார்கள். அகன்ற பாதம் வேறு, தட்டைப் பாதம் வேறு. அமெரிக்க ராணுவப் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாத வளைவின் உயரத்தைப் பார்த்து ஷூவை ஒதுக்கிக் கொடுத்தபோதும் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2009, 2010 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. அணிந்து, கடைக்குள்ளேயே நாலு தப்படி ஓடிப் பார்த்து, எது இருப்பதே தெரியாமல் இருக்கிறதோ அதை எடுப்பதுதான் என் வழக்கம் இப்போது.

நம் பகுதியின் ஈரத்துக்காகச் சில சொற்கள். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்துத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் எளிதில் உராய்ந்து கொப்புளமாகும். ஓடுவதற்குச் செயற்கை இழைக் காலுறையே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த ஷூவை மறுநாள் அப்படியே மாட்டிக்கொண்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். நடவு வயலில் அதைப் பட்டவர்களுக்கு அதன் எரிச்சலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெத்தை அட்டையைத் தனியே உருவி, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். கொளுத்தும் வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். பித்தவெடிப்பு உள்ளவர்கள் இரவில் காலைக் கழுவித் துடைத்து வாஸ்லைன் தடவிக்கொள்வது நல்லது, இல்லையென்றால் வெடிப்பின் ஓரம் காலுறையில் மாட்டி மேலும் கிழியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்வு மங்கிவிடும். ஷூ கடிப்பதே தெரியாது. ஓட்டத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். வெள்ளைக் காலுறை அணியுங்கள், இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஓடி வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

சென்ற மாதம் என் நாத்தனாரும் ஓடத் தொடங்கினார். என் அனுபவத்தின் வேகத்தில், நீளத்தைக் கூட்டவே கூடாது, அகலத்தை மட்டும் பாருங்கள் என்று அவரிடம் அழுத்திச் சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே வாங்கினார். இரண்டே வாரத்தில் பெருவிரல் மூட்டில் வலி. "அண்ணி, விரல் முன்னாடி இடம் இருக்கு, ஆனா மூட்டைத்தான் பிடிக்குது" என்றார். அவருடைய பாதத்தை வரைந்து பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது. அவருடைய பாதம் என்னுடையதைவிடச் சிறியது, 236 மில்லிமீட்டர்தான். ஆனால் குதிகாலிலிருந்து மூட்டு வரை 178 மில்லிமீட்டர், என்னுடையதைவிட ஆறு மில்லிமீட்டர் கூடுதல். விரல்கள் குட்டையானவை. நீளத்துக்குப் பொருந்திய ஷூவில் அவருடைய மூட்டு, ஷூவின் அகன்ற இடத்தைத் தாண்டி, அது ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் சிக்கியிருக்கிறது. எனக்குக் கேடாக முடிந்த 'ஒரு சைஸ் பெருசா' என்ற அதே யோசனைதான் அவருக்கு வேண்டியது. விரலுக்கு முன்னால் வழக்கத்தைவிடச் சிறிது கூடுதலாக இடம் மிஞ்சினாலும், மூட்டு தன் இடத்தில் அமர்ந்துவிடும். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவருடைய இரு பாதங்களின் தாளையும் வெட்டி, மூட்டுப் புள்ளிகளைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் திருச்சிக் கடையில் இருக்கும்படி பேருந்து பார்த்திருக்கிறோம்.